ஹீரோ தட்டு

சாலிகிராமத்தில் எதற்கும் ஒரு டூப் உண்டு,
சங்கரா மீனுக்கும்.

முதலில் வந்து விளக்கடியில் படுப்பது
வால் கிழிந்த ஒன்று.
அதை வைத்துத்தான்
ஒளியின் உயரம், சாய்வு, நிழல் எதுவரை என்பதெல்லாம்.
ஹீரோ அதுவரை தெர்மோகோல் பெட்டியில்
ஈரத்துணி போர்த்திக் காத்திருக்கும்,
கேரவனில் இருப்பதுபோல.

கிழக்குச் சன்னலில் ட்ரேசிங் தாள் ஒட்டியிருக்கிறேன்.
மே மாத வெயில் அதில் வடிந்து
கஞ்சித்தண்ணி நிறத்தில் இறங்குகிறது.
எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை ஒன்று.
இடப்பக்கம் கறுப்பு.
வெளிச்சம் போடுவதற்குத்தான் எனக்குக் காசு என்று
வீட்டுக்காரர் நினைக்கிறார்.
பாதிக் காசு இந்தக் கறுப்பு அட்டைக்கு.
அது கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றால்தான்
ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக
நானும் இருக்கிறேன் என்கிறது.

பக்கத்தில் எலுமிச்சை சோடா.
கண்ணாடி டம்ளருக்குப் பின்னால்,
கேமராவுக்குத் தெரியாமல்,
டம்ளர் அளவுக்கே வெட்டிய ஜிகினாத் தாள்.
கிளிசரின் பாதி, தண்ணீர் பாதி,
இஸ்திரிக் கடைத் தெளிப்பானில் மூன்று அழுத்து.
துளிகள் நின்ற இடத்தில் நின்றன.
பெரிதாக இரண்டை மட்டும்
பல்குத்தும் குச்சியால் நானே வைத்தேன்.
பனிக்கட்டி அக்ரிலிக்,
துண்டு நூற்றெண்பது ரூபாய், உருகாது.
சோடாவில் குமிழிக்கு ஒரு சிட்டிகை உப்பு.

"இன்னும் கொஞ்சம் ஜில்லுனு" என்கிறார் ஹாரூன்.
திருவான்மியூரில் கடை திறக்கப்போகிறவர்.
கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

மீனின் கண்ணில் சன்னல் தெரிய வேண்டும்.
நாலு மூலையும் தெரிய வேண்டும்.
காசிமேட்டில் அதிகாலை ஏலத்தில்
ஜெபசிங் டார்ச் அடித்துப் பார்த்து வாங்கிய கண்.
விளக்குகளுக்குக் கீழே நாற்பது நிமிடம் தாங்கும்.
பிறகு மூலைகள் மழுங்கும்,
பிறகு சன்னல் இருந்த இடத்தில் பால்.

பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
ஏசி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.
சன்னலுக்குக் கரண்ட் தேவையில்லை,
அதனால் நான் நிறுத்தவில்லை.
கண்ணில் ஒரு துளி கிளிசரின்.
செவுளுக்கு பிரஷ்ஷில் எண்ணெய்.
இன்னொரு ஷாட். அட்டையை ஒரு விரல் தள்ளி இன்னொன்று.
திரையில் அப்போதுதான்
அந்த மீன் கடலைவிட்டு வந்ததுபோல் ஆனது.

ஒன்று சொல்லவில்லை.
இரண்டு வருடமாக எனக்கு வாசனை கிடையாது.
ஒரு காய்ச்சல் வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.
பால் திரிந்ததைத் திட்டுத்திட்டாய்ப் பார்த்தால்தான் தெரியும்.
மல்லி கட்டு வாடியதை அதன் மினுமினுப்புக் குறைவதில் கண்டுபிடிப்பேன்.
கேஸ் கசிந்தால் எதிர்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள்.
தொழிலில் இது ஜெபசிங்குக்கு மட்டும் தெரியும்.

அவன் அட்டையைப் பிடித்தபடி
முகத்தைத் தோள்பட்டையில் புதைத்திருந்தான்.
ஹாரூன் எப்போது வராந்தாவுக்குப் போனாரென்று
நான் கவனிக்கவில்லை.

"போச்சா?"
"எப்பவோ போச்சுக்கா."

நான் திரையைப் பார்த்தேன்.
கண்ணில் சன்னல், நாலு மூலையோடு.

ஹாரூன் தேர்ந்தெடுத்தது கடைசி ஷாட்டைத்தான்.
அந்த மீனை மூன்று கவர் போட்டுக் கட்டி
மாநகராட்சித் தொட்டியில் போட்டுவந்த ஜெபசிங்
அன்று மதியம் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டான்.
நான் வழக்கம்போல் எல்லாம் சாப்பிட்டேன்,
உப்பு, புளிப்பு, சூடு என்று எண்ணிக்கொண்டு.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
வடபழனி சிக்னலில் பஸ் நின்றது.
மேலே, ஃப்ளெக்ஸில், இருபதடி நீளத்துக்கு என் மீன்.
பக்கத்தில் ஆள் உயர டம்ளர்.
மழை வந்து அதன்மேல் விழுந்தது.
கிளிசரின் கலக்காத மழை.
எனக்கு வேண்டிய இடத்தில்
ஒரு துளிகூட நிற்கவில்லை.